சிப்பி விளக்குக்கு உப்புதான் எதிரி: கடலோரத்தில் சோலார் விளக்கு செய்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரை, மண்டபம், பாம்பன் பக்கம் சங்குக்கும் மட்டிக்கும் பனையோலைக் கொட்டானுக்கும் பஞ்சமில்லை. உள்ளே நாலு எல்இடி, வெளியே சின்ன சோலார் பேனல், இடையில் ஒரு பேட்டரி இருந்தால் முற்றத்துக்கு அருமையான விளக்கு. ஆனால் கடலிலிருந்து தள்ளியிருக்கும் நகரங்களில் வருஷக்கணக்கில் எரிகிற அதே சர்க்யூட் இங்கே ஒரு மழைக்காலத்தோடு அணைந்துபோகிறது. பெரும்பாலும் காரணம் உப்பு.

கரையில் கிடப்பதையெல்லாம் அள்ளிவந்து வேலையைத் தொடங்குவதுதான் முதல் தவறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளம், செத்து ஒதுங்கியதாக இருந்தாலும், எடுக்கக் கூடாது. ராட்சதச் சிப்பி, நாட்டிலஸ் போன்றவையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. கடையில் பில்லோடு வாங்கிய சங்கும் மட்டியுமே போதும், அழகில் குறைவில்லை.

வாங்கியதை அப்படியே ஒட்டாதீர்கள். சங்கின் சுருளுக்குள் தங்கிய உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் நீரை இழுத்துக் கசியும். நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, பிறகு நிழலில் காயவையுங்கள். பளபளப்புக்காக எலுமிச்சைச் சாறோ வினிகரோ வேண்டாம். சிப்பி சுண்ணாம்பால் ஆனது, அமிலம் அதை அரித்து மங்கலாக்கிவிடும். துளையிடும்போது தூசி நுரையீரலுக்குப் போகாமல் ஈரமாக்கியபடி, மாஸ்க் போட்டு, மெதுவாகத் துளையிடுங்கள். தண்ணீர் பக்கத்தில் இருப்பதால் மெயின் கரண்ட் டிரில் கூடாது, பேட்டரி டிரில்தான்.

சர்க்யூட்டில் ஆபத்தானது, பேனலை நேராக லித்தியம் செல்லில் இணைப்பது. 6 வோல்ட் 1 வாட் பேனல், கரண்ட் பேனலுக்குத் திரும்பாமல் தடுக்கும் 1என்5819 டையோடு, டிபி4056 சார்ஜர் மாட்யூல், ஒரு 18650 லித்தியம் செல் என்பதே சரியான வரிசை. 12 வோல்ட் பேனலைக் கொடுத்தால் மாட்யூல் கருகும், அதன் உச்சவரம்பு 8 வோல்ட்தான். பாதுகாப்புச் சிப் உள்ள மாட்யூலையே வாங்குங்கள். விளக்கை செல் முனையில் இணைக்காமல் மாட்யூலின் அவுட் முனையில், ஒரு சுவிட்ச் வழியாக இணைக்க வேண்டும். செல் முனையில் இணைத்தால் பாதுகாப்பு வேலை செய்யாது, செல் அடிவரை வற்றிக் கெட்டுவிடும். மாட்யூல் வரும்போது 1 ஆம்பியர் இழுக்கும்படி அமைத்திருக்கும். உங்கள் பேனல் தருவதோ சுமார் 160 மில்லி ஆம்பியர். மாட்யூலில் சார்ஜ் அளவை நிர்ணயிக்கிற, 122 என்று அச்சிட்ட சின்ன ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் போட்டால் சார்ஜ் 130 மில்லி ஆம்பியரில் நிதானமாக ஓடும்.

நாலு எல்இடிக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடுவதையும் பரவலாகப் பார்க்கலாம். அப்படிப் போட்டால் ஒன்று அதிக கரண்ட் குடித்து முதலில் போகும், அப்புறம் மற்றவை. ஒவ்வொன்றுக்கும் தனியாக 56 ஓம் போடுங்கள். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், வெள்ளை எல்இடிக்கு 3.1. மீதி 1.1 வோல்ட்டை 20 மில்லி ஆம்பியரால் வகுத்தால் வருவது 55.

இனி உப்பு. பற்றவைத்த இடத்தில் ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்டத் தடவும் பசை) மிச்சம் இருந்தால் அது ஈரத்தைப் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கு இடையே ஓயாமல் வோல்ட் இருப்பதால் செம்பு அரித்து, பச்சைக் களிம்பு ஏறும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் தேய்த்துக் கழுவி, உலர்ந்தபின் அக்ரிலிக் லாக்கர் இரண்டு பூச்சு அடியுங்கள். புளித்த காடி வாசம் வரும் சிலிக்கான் பசை செம்பையே தின்னும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். ஸ்பிரிங் வைத்த செல் ஹோல்டர் இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும், நிக்கல் பட்டை வெல்டிங் செய்த செல்லே நல்லது.

பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பகலில் உள்ளே சூடேறிய காற்று இண்டு இடுக்கு வழியே வெளியேறும். இரவில் குளிரும்போது அதே வழியில் கடல்காற்றை உறிஞ்சும், உள்ளே வந்த ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும். அடிப்பக்கத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று விட்டு, நைலான் வலை ஒட்டுங்கள். ஒயரை அடியிலிருந்தே உள்ளே விடுங்கள், நுழையுமுன் ஒரு தொங்கல் இருந்தால் மழைநீர் அதில் சொட்டிப் போகும்.

வாடையில் பாக் நீரிணைப் பக்கமும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும்போது மன்னார் வளைகுடாப் பக்கமும் சாரல் அதிகம். பெட்டியின் வாய் அந்தந்தத் திசைக்கு முதுகு காட்டட்டும். செல் இருக்கும் பெட்டி நிழலில் இருக்கட்டும், 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் செல் சீக்கிரம் தேய்ந்துவிடும். பேனலை மட்டும் வெயிலில், தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்த்து வையுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்புப் படலத்தைத் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் பேனலின் மேற்பரப்பில் கீறல் விழலாம்.