பழைய ரிசீவரில் 'ம்ம்ம்' சத்தம், நின்ற விதம்

எழுபதுகளின் ஜப்பான் ஸ்டீரியோ ரிசீவர், கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் எல்லாம் புதிதாக மாற்றியது, பாட்டு அருமையாகப் பாடுகிறது, ஆனால் பாட்டு நின்றதும் பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல்.

முதலில் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துப் பாருங்கள். சத்தம் குறையாமல் அப்படியே இருந்தால் பவர் சப்ளை பக்கம் சந்தேகப்படலாம், அது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கரகரப்பாகக் கேட்கும். எனக்கு வால்யூமோடு சேர்ந்து ஏறியது, நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ், கனமான சத்தம். ட்யூனரில் (ரேடியோ) இல்லை, ரெக்கார்டு பிளேயரிலும் வெளிக் கருவிகளை மாட்டும் ஆக்ஸிலும் மட்டும். அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் வெளியில்தான், ரிசீவரைத் திறக்க அவசரப்பட வேண்டாம்.

வீடு புதுச்சேரி குருசுக்குப்பத்தில். உப்புக்காற்று எதையும் விடாது. ரெக்கார்டு பிளேயரின் எர்த் வயர் மாட்டும் திருகில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன், ரெக்கார்டு பிளேயர் பக்கம் சத்தம் அடங்கிவிட்டது.

ஆக்ஸ்தான் படுத்தியது. அதில் கம்ப்யூட்டரும் செட்டாப் பாக்ஸும் ஒரு சின்ன சுவிட்ச் பெட்டி வழியாக வருகின்றன. டிவி கேபிளைக் கழற்றினேன், சத்தம் போயே போச்சு! கம்ப்யூட்டரின் மூன்று பின் பிளக் வழியாக ஒரு எர்த், டிவி கேபிளின் உலோக உறை வழியாக இன்னொன்று, நடுவில் ரிசீவர். இரண்டு எர்த்தும் சேர்ந்து ஒரு வளையமாகி, அதில் ஓடும் கரண்ட்தான் சத்தமாகக் கேட்டது. செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் ஆடியோ வயரில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (வயர் தொடர்பைத் துண்டித்து ஆடியோவை மட்டும் கடத்துவது) போட்டதும் சரியானது.

சிலர் பிளக்கின் எர்த் பின்னையே வெட்டச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், ஷாக் அடிக்கலாம்.