ஏற்காடு ஏற்றத்தில் வழுக்கும் பழைய ஆட்டோமேட்டிக்

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. அங்கே பழைய நாலு கியர் ஆட்டோமேட்டிக் கார் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இன்ஜின் மட்டும் இரைந்து வண்டி இழுக்காவிட்டால், எடுத்த எடுப்பில் கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

முதலில் கியர்பாக்ஸ் ஆயில். சமதளத்தில், சூடான இன்ஜின் ஓடும்போதே, பெரும்பாலான வண்டிகளில் கியரை 'பி'யில் (பார்க்கிங்) வைத்து டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் கம்பியை, பார்க்கணும். ஹோண்டாவில் இன்ஜினை அணைத்துவிட்டு. நான் பார்த்த வண்டியில் அளவு குறைவு. வெள்ளைத் துணியில் சொட்டு விட்டால் சிவப்புக்குப் பதில் டீ டிகாஷன் நிறம், கருகல் வாடை. கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினால், அதிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை. அது வழக்கமான தேய்மானம்தான். இரும்புச் செதில் கிடந்தால்தான் பயம்.

ஃபில்டரும் கேஸ்கெட்டும் மாற்றி, வடிந்ததை அளந்து, குறைந்திருந்ததையும் சேர்த்து ஊற்றினேன். இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில் பழைய ஆயில் நிறையத் தங்கிவிடும், அதனால் 500 கி.மீ. கழித்து மறுபடி வடித்தேன்.

அப்படியும் லேசாக வழுக்கியது. காரணம் த்ராட்டில் கேபிள், அதாவது ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று கியர்பாக்ஸுக்குச் சொல்லும் கம்பி. தளர்ந்தால் ஆயில் அழுத்தம் குறைந்து கியர் சீக்கிரமே மாறி வழுக்கும், கிளட்ச் தட்டு எரியும். ரொம்ப இறுகினால் தாமதமாக, உதைத்து மாறும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லிப் பார்த்தேன், கேபிள் தொய்ந்தே கிடந்தது. நட்டைத் தளர்த்தி 3 மி.மீ. இழுத்ததும் அதே ஏற்றத்தில் இரைச்சல் இல்லை.