பீட்டா ரீடருக்குக் கதையை அனுப்பும் முன்

முழுக்கதையையும் அனுப்பிவிட்டு, 'படிச்சுட்டு சொல்லுங்க' என்று ஒற்றை வரி எழுதுவதுதான் ரசிகர் புனைவு (பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) எழுதுபவர்கள் அதிகம் செய்யும் தவறு. பீட்டா ரீடர் என்பவர், கதை வெளியாகும் முன்பே அதைப் படித்துக் கருத்துச் சொல்பவர்; காசு வாங்காமல், தன் வேலையெல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து படிப்பவர். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாவிட்டால் கண்ணில் படுவதைத் திருத்துவார்: ஒற்றுப்பிழை, ல-ள-ழ குழப்பம். நான்காம் அத்தியாயத்தில் நாயகி எடுக்கும் முடிவு நம்பும்படி இருக்கிறதா என்பது உங்கள் கவலையாக இருந்திருக்கும். அதைப் பற்றி ஒரு சொல்லும் வராது.

மூன்று முதல் ஐந்து கேள்விகள் எழுதிக் கொடுங்கள். 'நல்லா இருக்கா?' என்பதைச் சேர்க்காதீர்கள். நல்ல மனசுக்காரர் 'இருக்கு' என்றுதான் சொல்வார். 'எந்த இடத்தில் மூடி வைக்கத் தோன்றியது?', 'மூலக்கதையில் இவன் இப்படிப் பேசுவானா?', 'கொலையாளி யாரென்று எந்தக் காட்சியில் ஊகித்தீர்கள்?' என்று கேட்டால் பிடித்துத் திருத்த ஏதாவது கிடைக்கும். இரண்டாவது கேள்விக்கு மூலக்கதையை நன்கு படித்தவர் வேண்டும். படிக்காதவரும் வேறு விதத்தில் உதவுவார்: நீங்கள் விளக்காமல் தாவிய இடங்கள் அவருக்குத்தான் தெரியும்.

ரசிகர் புனைவுகளுக்கான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் இணையதளத்தில் பதிவேற்றும்போது கொடூர வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், பாலியல் வன்முறை ஆகியவற்றுக்கான எச்சரிக்கைக் குறிகளைப் பார்த்துப் போடுகிறோம். கதையை முதலில் படிக்கப்போகும் பீட்டாவிடம் இதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். ஒப்புக்கொள்ளும் முன்பே சொல்லிவிட வேண்டும். மொத்தம் எத்தனை சொற்கள், எப்போது வேண்டும் என்பதும் அதே செய்தியில் இருக்கட்டும். 5,000 சொற்களுக்கு ஒரு வாரம் கேட்பது நியாயம். நாளை பதிவேற்றவேண்டிய அத்தியாயத்தை இன்று இரவு அனுப்பாதீர்கள். புதியவர் என்றால் முதலில் 1,500 சொற்களில் ஒரு காட்சியை மட்டும் கொடுத்து, இருவருக்கும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

கூகுள் டாக்ஸில் இரண்டு இடங்களில் வழுக்கும். பலர் யோசிக்காமல் 'எடிட்டர்' அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். அவர் நேரடியாக மாற்றிய வரிகளை, வெர்ஷன் ஹிஸ்டரியைத் தோண்டித்தான் தேட வேண்டும். 'கமென்ட்டர்' அனுமதி கொடுத்தால் திருத்தங்கள் பரிந்துரையாக மட்டும் வரும், ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் கையில். அடுத்தது இன்னும் முக்கியம்: சொந்த ஜிமெயிலில் இருந்து பகிர்ந்தால் உங்கள் உண்மைப் பெயரும் முகவரியும் அவருக்குத் தெரிந்துவிடும். புனைபெயரில் எழுதுபவர்கள் அதற்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே அதே கோப்பில் காட்சிகளை மாற்றவும் வேண்டாம்; பிரதி எடுத்துத் தேதி போட்டுக் கொடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டே அனுப்புங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

பிரிட்டனில் நடக்கும் கதையை எழுதும் அமெரிக்க ரசிகர்கள், பேச்சுவழக்கையும் பள்ளி, சாப்பாட்டு விவரங்களையும் பார்க்க ஒரு பிரிட்டிஷ்காரரைத் தேடுவார்கள். அதற்கு 'பிரிட்பிக்' என்றே பெயர் உண்டு. நமக்கும் அது தேவை. யாழ்ப்பாணப் பாத்திரம் 'வாங்கோ' என்று தொடங்கி, அடுத்த வரியில் மதுரைத் தமிழில் பேசினால் அந்த ஊர்க்காரர் அங்கேயே கதையை விட்டுவிடுவார்.

கருத்து வந்ததும் வரிக்கு வரி விளக்கம் எழுதாதீர்கள். அவருக்குப் புரியாத இடம், பதிவேற்றிய பின் வாசகருக்கும் புரியாது. அப்போது பக்கத்தில் நின்று விளக்க உங்களால் முடியாது. அதற்காக எல்லாத் திருத்தத்தையும் ஏற்க வேண்டியதில்லை. 'இங்கே தொய்கிறது' என்று அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும், அதற்கு அவர் தரும் தீர்வு உங்கள் கதைக்குப் பொருந்தாமல் போகலாம். இரண்டு பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் கட்டாயம் திருத்துங்கள்.

நன்றிக் குறிப்பில் பெயர் போடலாமா, எந்தப் பெயரை என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயது வந்தோருக்கான கதையில் தன் பெயர் வருவதை எல்லோரும் விரும்புவதில்லை. அவர் பார்த்த பிறகு புதிய காட்சி எதையாவது சேர்த்திருந்தால், அது அவர் கண்ணில் படாதது என்று அதே குறிப்பில் எழுதிவிடுங்கள்.