தாய்லாந்தில் கற்பிக்கப் போகிறவர்கள் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் என்னிடம் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் சிலர் இப்போது தாய்லாந்துப் பாடசாலைகளில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். கோன் கேன் பக்கம் ஓர் அரசாங்கப் பாடசாலையில் நான் கற்பித்திருக்கிறேன் என்று தெரிந்ததும் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "மிஸ், என்ன பாடக்குறிப்பு கொண்டுபோக?" பாடக்குறிப்பை விடுங்கள். அங்கே விழாவும் ஒத்திகையும் முகாமும் பாடவேளையில் பாதியைத் தின்றுவிடும். அவற்றில் மனமொப்பிக் கலந்துகொள்கிறவருக்கு வகுப்பும் வசப்படும்.

கல்வியாண்டு மே நடுப்பகுதியில் தொடங்கும். ஒக்டோபரில் ஒரு விடுமுறை, நவம்பரில் இரண்டாம் பருவம், மார்ச்சில் முடிவு. போனவுடன் ஆண்டுத் திட்டத்தின் பிரதி ஒன்றை வாங்கி, தாய்லாந்து மொழி தெரிந்த ஒருவரிடம் கொடுத்து விழா நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு ஒவ்வொரு வெள்ளியும் சக ஆசிரியரிடம் "அடுத்த கிழமை வகுப்பு இருக்கிறதா?" என்று கேட்பது நல்லது. கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்; வெறும் கதிரைகளுக்கு முன்னால் போய் நிற்பீர்கள்.

காலை 8 மணிக்குக் கொடியேற்றமும் தேசிய கீதமும். பிறகு பௌத்த வழிபாடு, அறிவித்தல்கள். கொழும்பில் காலைக்கூட்டத்தில் நின்று பழகிய நமக்கு இது புதிதில்லை. கைகூப்பி அமைதியாக நின்றால் போதும். கைகூப்பும் 'வாய்' வணக்கத்தில் மட்டும் ஒரு முறை உண்டு. இளையவர்தான் முதலில் கும்பிட வேண்டும். மாணவர் கும்பிட்ட பிறகு நீங்கள் பதிலுக்குக் கும்பிடலாம், தலையசைத்தாலும் சரி. அதிபரைக் கண்டால் நீங்கள் முந்துங்கள்.

பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீண்ட பெயரெல்லாம் பதிவேட்டுக்குத்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செல்லப்பெயர் இருக்கும்: ஐஸ், பாங்க், பிளோய், பீர் கூட. முதல் வகுப்பிலேயே அவற்றைக் கேட்டு எழுதிவிடுங்கள்.

ஜூனில் வரும் 'வாய் க்ரூ' விழாவுக்கு நேரம் எடுத்துத் தயாராகுங்கள். ஆசிரியரை வணங்கும் நாள் அது. பெரும்பாலும் ஒரு வியாழக்கிழமையில் வைப்பார்கள். வியாழன் குருவுக்குரிய நாள் என்பது அவர்களுக்கும் நம்பிக்கை. தட்டில் வைக்கும் பொருட்களைப் பார்த்தால் நம் வீட்டுப் பூசையறை ஞாபகம் வரும்: அறுகம்புல், நெற்பொரி, வெட்சிப்பூ, கத்தரிப்பூ. ஊசி போன்ற வெட்சி மொட்டு கூர்மையான அறிவுக்கு, தலை கவிழ்ந்த கத்தரிப்பூ பணிவுக்கு, வெட்டினாலும் படரும் அறுகு விடாமுயற்சிக்கு, பொரி ஒழுக்கத்துக்கு. முதல் நாள் பின்னேரம் வகுப்பு வகுப்பாக உட்கார்ந்து வாழையிலையும் பூவும் வைத்துத் தட்டுகளைச் சோடிப்பார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்கு ஓடாமல் அவர்களோடு இருந்து பூ கிள்ளிக் கொடுங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் அங்கேதான் உங்களோடு கதைப்பார்கள். மறுநாள் மேடையில் மாணவர்கள் முழங்காலில் நகர்ந்து வந்து, நிலத்தில் பணிந்து தட்டைத் தருவார்கள். கூச்சமாகத்தான் இருக்கும். எழுந்து தடுக்கப் போகாமல், இரு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த பெரிய விஷயம் 'கீலா ஸீ', நம் இல்ல விளையாட்டுப் போட்டி மாதிரி. பாடசாலையே நிறங்களாகப் பிரிந்துவிடும். உங்களுக்கும் ஒரு நிறம் வரும், அந்த நிறத்தில் ரீசேட் வாங்க வேண்டியதுதான். நம்மூரில் ஓட்டத்துக்குத்தான் மவுசு. அங்கே அணிவகுப்புக்கும் உற்சாகமூட்டும் குழுவுக்கும் தனிப் புள்ளிகள் போகும். மேல்வகுப்புப் பிள்ளைகள் கீழ்வகுப்பாரைப் படிகளில் உட்காரவைத்துப் பாட்டும் கையசைவும் பழக்குவார்கள். இந்த நாட்களில் பிள்ளைகள் வகுப்பில் தூங்கிவழிவார்கள். கோபித்துப் பயனில்லை, சோதனையைத் தள்ளிவையுங்கள். ஆசிரியர் ஓட்டத்துக்குக் கூப்பிட்டால் ஓடுங்கள். கடைசியாக வந்தால் இன்னும் நல்லது.

கிழமையில் ஒரு நாள் சாரணர் சீருடை. 1911இல் ஆறாம் ராமா மன்னர் தொடங்கிய இயக்கம் இது. இன்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அன்று உள்ளூர் ஆசிரியர்களும் சீருடையில் வருவார்கள், உங்களுக்கு அது கட்டாயமில்லை. ஓகஸ்ட் 12 அன்னையர் தினம். அதையொட்டித் தாய்மாரைப் பாடசாலைக்கு அழைத்து, பிள்ளைகள் காலில் விழுந்து மல்லிகை கொடுப்பார்கள். கைக்குட்டை கொண்டுபோங்கள். டிசம்பரில் நத்தார் கொண்டாட்டம் பௌத்த பாடசாலையிலும் ஆங்கிலப் பிரிவின் தலையில்தான் விழும். நீங்கள் சைவமோ இஸ்லாமோ என்று ஒருவரும் பார்க்கமாட்டார்கள். இரண்டு விளையாட்டும் ஒரு பாட்டும் கையில் இருக்கட்டும்.

மாணவர் தலைமுடியை எப்படி வெட்ட வேண்டும் என்ற விதி பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள். 2020இல் கல்வி அமைச்சு தளர்த்தியது, மாணவர்களும் அதற்காகப் போராடினார்கள். இருந்தும் பாடசாலைக்குப் பாடசாலை வழக்கம் வேறு. என் மனம் பிள்ளைகள் பக்கம்தான், ஆனால் வெளியாள் நுழைய வேண்டிய சண்டை அல்ல அது.

பாடத்துக்கு நீங்கள் போடும் புள்ளி 0 முதல் 4 வரை. 0 போட்டால் மீள்தேர்வு வைக்க வேண்டியவரும் நீங்களே, யோசித்துப் போடுங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் கன்ரீனில் 'ஜே' என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கீரையிலும் மீன்சாறு இருக்கும். வகுப்பு வாசலில் கழற்ற வேண்டிய பாடசாலைகள் பல என்பதால் நாடா இல்லாத சப்பாத்து வாங்குங்கள். திங்களில் பலர் அணியும் மஞ்சள் சட்டையைப் பெட்டாவில் தேடி அலைய வேண்டாம், அங்கே எந்தச் சந்தையிலும் கிடைக்கும்.