123456789-இன் காரணிகள்: கொப்பியும் பென்சிலும் போதும்

ஹட்டன் பக்கம் மழை பிடித்தால் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போய்விடும். "மாமா, 123456789 முதன்மை எண்ணா?" என்று அக்கா மகள் அப்படியொரு மாலையில்தான் கேட்டாள். கையால் செய்த வழி இதோ.

படி 1. இலக்கங்களைக் கூட்டினால் 45. ஆகவே 9-ஆல் வகுபடும். முதன்மை எண் அல்ல. (ஒன்று முதல் ஒன்பது வரை எப்படி மாற்றி அடுக்கினாலும் கூட்டுத்தொகை 45தான். அந்த 362,880 எண்களில் ஒன்றுகூட முதன்மை எண் ஆகாது.) வகுத்தால் 13717421. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 26. இனி 3 வராது.

கணிகருவி வேண்டுமென்றால் 8 இலக்கக் கணிகருவியே தாராளம். ஒன்பது இலக்க எண் அதில் நுழையாதுதான். 9-ஆல் வகுத்த பிறகு நுழைந்துவிடும். வர்க்கமூலப் பொத்தான் மட்டும் இருக்கட்டும்.

படி 2. பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 7, 11, 13 என்று வகுத்துக்கொண்டே போகாதீர்கள். முதல் காரணி அகப்படுவது 504-ஆவது முதன்மை எண்ணில்! விடிந்துவிடும்.

பதிலாக, 1643-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா ஒரு கடிதத்தில் காட்டிய முறையைப் பிடியுங்கள். எண்ணைவிடச் சற்றே பெரிய வர்க்கத்தை எடுத்து, அதிலிருந்து எண்ணைக் கழியுங்கள். மீதி நிறைவர்க்கமானால் வேலை முடிந்தது; a² − b² = (a − b)(a + b) என்பதால் காரணிகள் கையில் வந்துவிடும். இல்லையென்றால் அடுத்த வர்க்கத்துக்குப் போங்கள். 13717421-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3703.7. எனவே 3704-இல் தொடங்குகிறோம்.

3704² − 13717421 = 2195
3705² − 13717421 = 9604

2195-க்கு வர்க்கமூலம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 5-இல் முடியும் நிறைவர்க்கம் 25-இல்தான் முடியும். இது 95-இல் முடிகிறது, தள்ளுங்கள். அதேபோல் 2, 3, 7, 8-இல் முடியும் மீதி எதையும் பார்த்தவுடனே அடித்துவிடலாம். 9604 என்பது 98². ஆக,

3705 − 98 = 3607
3705 + 98 = 3803

இரண்டே வரி!

படி 3. இவ்விரண்டும் முதன்மை எண்களா? 3607-ஐ 59 வரையும் 3803-ஐ 61 வரையும் உள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பாருங்கள்; மீதியின்றி எதுவும் வகுக்காது. விடை: 3² × 3607 × 3803. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால், 3 × 2 × 2 = 12 வகுத்திகள்.

பின்சேர்க்கை: பண்டாரவளையிலிருந்து ஒருவர் 1234567890-ஐ அப்படியே போட்டு, முடிவே வரவில்லை என்று எழுதியிருந்தார். வராது. 4-ஆல் வகுக்க 2 மீதி வரும் எண்ணை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதவே முடியாது. முதலில் 2-ஐ எடுத்துவிடுங்கள்.

இன்னொருவர் எட்டை விட்டுவிட்டு 12345679-ஐ எடுத்திருந்தார். அது 37 × 333667. காரணிகள் இவ்வளவு தள்ளியிருந்தால் ஃபெர்மா முறைக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் வேண்டும். ஆகவே 100-க்கு உட்பட்ட முதன்மை எண்களால் முதலில் வகுத்துப் பார்த்துவிட்டு இந்த முறைக்கு வாருங்கள். 37 அங்கேயே சிக்கியிருக்கும்.