சிந்த் கார்ட் டப்பா மாதிரி கேட்கிறதா? கட்டையிலிருந்து தொடங்குங்கள்

போன மாதம் மஞ்சக்குப்பத்திலிருந்து என் சித்தி மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பாண்டிக்கு பஸ் ஏறி வந்தாள். "அண்ணா, நாலு பிளக்-இன் மாத்திப் பார்த்துட்டேன். கார்ட் மட்டும் இன்னும் டப்பா மாதிரியே கேக்குது" என்றாள். திறந்து பார்த்தேன். சிந்த் என்னும் ஒலி உருவாக்கும் பிளக்-இன் மென்பொருளில் அவள் எடுத்திருந்த பிரீசெட், அதாவது தயார் ஒலி, நன்றாகத்தான் இருந்தது. ஏ மைனர், எஃப், சி, ஜி என்று நான்கு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு). ஆனால் நான்கும் ஒரே உருவம். மூன்று கட்டையை (கீபோர்டு கீ) நகலெடுத்து மேலும் கீழும் ஒட்டியிருந்தாள். கோளாறு அங்கேதான்.

அன்று மாலை அவளுக்குச் செய்து காட்டியதை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். சுரங்கள் சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டால் சாதாரண ஒலியே போதும், நிறைந்து கேட்கும். அவை இடம் மாறி உட்கார்ந்திருந்தால் எவ்வளவு விலை கொடுத்த சிந்த்தாலும் அதை மூடி மறைக்க முடியாது.

உங்களிடம் இருக்கும் எந்த இசை மென்பொருளும் போதும். சிந்த் இல்லையென்றால் வைட்டலின் இலவசப் பதிப்பு இருக்கிறது. சர்ஜ் எக்ஸ்டி முழுக்கவே இலவசம். ஒரு எச்சரிக்கை: 261.6 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் நடு சி, ஏபில்டனில் சி3 என்றும் எஃப்எல் ஸ்டுடியோவில் சி5 என்றும் எழுதியிருக்கும். அதனால் எண்ணை விட்டுவிட்டு நடு சியை வைத்தே சொல்கிறேன்.

படி 1: அலங்காரத்தைக் கழற்றுங்கள்

ரிவர்ப் (அறை முழக்கம்), டீலே (எதிரொலி), கோரஸ் (ஒலியை இரட்டித்துக் காட்டுவது) எல்லாவற்றையும் அணையுங்கள். ஒரே ஒரு ஆசிலேட்டர் (ஒலியைப் பிறப்பிக்கும் பகுதி), சாடூத் என்னும் ரம்பப்பல் வடிவ அலை, உயர்ந்த ஒலிகளை வடிகட்டும் லோ-பாஸ் ஃபில்டர் பாதி மூடியபடி. அவ்வளவுதான். கேட்க வறட்சியாக இருக்கும், இருக்கட்டும். ரிவர்ப் போட்டுவிட்டால் எந்தச் சுரம் எங்கே குதிக்கிறது என்று காது சொல்லாது.

படி 2: கையை நகர்த்தாமல் கார்டை மாற்றுங்கள்

சின்ன வயதில் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்த அண்ணனின் வலது கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பாட்டில் கார்ட் மாறிக்கொண்டே இருக்கும், அந்தக் கை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு விரல் கொஞ்சம் நீளும், இன்னொன்று கொஞ்சம் மடங்கும். இந்தப் படி முழுக்க அந்தக் கையிலிருந்து வந்ததுதான்.

சித்தி மகள் எழுதியிருந்தது: ஏ-சி-ஈ, பிறகு எஃப்-ஏ-சி, பிறகு சி-ஈ-ஜி, பிறகு ஜி-பி-டி. கருப்பு, வெள்ளை இரண்டையும் எண்ணினால் எஃப்பிலிருந்து சிக்குப் போகும்போது மூன்று சுரமும் ஒரேயடியாக ஏழு கட்டை மேலே தாவுகின்றன. காது அதை ஒரு கார்ட் இன்னொன்றாக மாறுவதாகக் கேட்பதில்லை. ஒரு பொருளை எடுத்து வேறு இடத்தில் வைத்த மாதிரி கேட்கிறது.

அதே நான்கு கார்டை இப்படி எழுதுங்கள். நடு சிக்குக் கீழே இருக்கும் ஏயில் தொடங்குங்கள்:

ஏ மைனர்: ஏ – சி – ஈ
எஃப்: ஏ – சி – எஃப்
சி: ஜி – சி – ஈ
ஜி: ஜி – பி – டி

பியானோ ரோலில், அதாவது மென்பொருளில் சுரங்களைக் கோடுகளாக வரையும் திரையில், மெதுவாகப் பாருங்கள். முதல் மாற்றத்தில் ஏயும் சியும் அசையவே இல்லை; ஈ மட்டும் பக்கத்துக் கட்டையான எஃப்புக்குப் போகிறது. அடுத்ததில் சி நிற்கிறது, ஏ ஜிக்கு இறங்குகிறது, எஃப் ஈக்குத் திரும்புகிறது. அதற்கடுத்து ஜி நிற்க, சி பிக்கும் ஈ டிக்கும் இறங்குகின்றன. மறுபடி ஏ மைனருக்கு வரும்போது மூன்றும் ஏறுகின்றன. மொத்தச் சுற்றிலும் எந்தச் சுரமும் இரண்டு கட்டைக்கு மேல் நகரவில்லை. மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுவது போல ஆகிவிடும்.

இதை ஒரு பத்து முறை சுற்றவிட்டுக் கேளுங்கள். பழைய வடிவத்தையும் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். இந்த ஒரு படிக்கு ஒரு மாலை முழுக்கச் செலவழித்தாலும் தகும்.

படி 3: அடியில் ஒற்றைச் சுரம்

கார்ட் கனமாக வேண்டும் என்று முழு கார்டையும் கீழே இறக்குவது ஆரம்பத்தில் எல்லோரும் செய்வது. உடனே சேறு கலக்கிய மாதிரி ஆகிவிடும். காரணம் எளிது. 440 ஹெர்ட்ஸ் ஏக்கும் அதற்கு மேலுள்ள சிக்கும் இடைவெளி 83 ஹெர்ட்ஸ். காது இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடும். அதே ஏ–சி ஜோடியை 55 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் இடைவெளி வெறும் 10 ஹெர்ட்ஸ். அங்கே காதால் பிரிக்க முடியாது, கரகரவென்று உறுமல்தான் கேட்கும்.

சுருதிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அதில் ச-ப-ச தான் ஒலிக்கும், காந்தாரம் இருக்காது. காந்தாரத்தைப் பாடுகிறவர் மேலே பிடித்துக்கொள்வார். சிந்த்திலும் அதையே செய்யுங்கள். வேறு டிராக்கில் ஒரு பேஸ் (தாழ்ந்த) ஒலி எடுத்து ஏ, எஃப், சி, ஜி என்று ஒற்றைச் சுரமாக மட்டும் வையுங்கள். 110 ஹெர்ட்ஸ் ஏ தொடங்க நல்ல இடம். மேஜரா மைனரா என்று தீர்மானிக்கும் சுரம், அதாவது அந்தர காந்தாரமா சாதாரண காந்தாரமா என்பது, மேல் கையிலேயே இருக்கட்டும்.

படி 4: மேலே ஒரு ஜி

இப்போது நான்கு கார்டுக்கும் மேலாக, நடு சிக்கு மேலே இருக்கும் ஜியை (392 ஹெர்ட்ஸ்) ஒரே நீளக் கோடாக இழுத்துவிடுங்கள். அது அசையக் கூடாது. கீழே கார்ட் மாற மாற அந்த ஒரே ஜிக்கு அர்த்தம் மாறும். ஏ மைனரின் மேல் அது, ஏயிலிருந்து எண்ணினால், ஏழாவது சுரம், கார்ட் ஏ மைனர் 7 ஆகிறது. எஃப்பின் மேல் ஒன்பதாவது. பக்கத்திலிருக்கும் எஃப்போடு லேசாக உரசும், அந்த உரசல்தான் அழகு. சியிலும் ஜியிலும் அது வீட்டுப் பிள்ளை, உரசல் தீர்ந்துவிடும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். ஏ மைனர் 7இல் மேல் கையிலிருந்து ஏயை எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது சி-ஈ-ஜி, அதாவது முழு சி மேஜர்! பேஸில் ஏ இருப்பதால் காது அதை மைனராகவே கேட்கிறது. மேலே ஒரு சுரம் குறைந்ததும் கார்டுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். எனக்கு இந்த வடிவம்தான் மிகவும் பிடிக்கும்.

படி 5: இப்போதுதான் குமிழ்

இரண்டாவது சாடூத் ஆசிலேட்டரைத் திறந்து, ஒன்றை +7 சென்டும் மற்றதை −7 சென்டும் நகர்த்துங்கள். ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட், ஆகவே இது மிகச் சிறிய விலகல். 220 ஹெர்ட்ஸ் ஏயை மட்டும் அழுத்திப் பிடித்துக் கேளுங்கள்: விநாடிக்கு ஏறக்குறைய 1.8 முறை ஒலி பெருத்துச் சுருங்கும், அலை வந்து போவது போல. ஒரு ஸ்தாயி மேலே போனால் அந்த வேகம் இரட்டிப்பாகும். அதனால் உயரமான கார்டுக்கு டீடியூனை (இந்த விலகலை) குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருதி விலகியது போல ஆகிவிடும். பேஸுக்கு டீடியூன் வேண்டவே வேண்டாம்.

ரோலண்ட் 1996இல் வெளியிட்ட ஜேபி-8000 சிந்த்தின் சூப்பர்சா ஒலி, ஏழு சாடூத் அலைகளை இப்படி விலக்கி அடுக்கியதுதான். நான்கு சுரக் கார்டுக்கு அது 28 அலை. நல்ல ஒலிதான், ஆனால் முதல் பாட்டிலேயே அவ்வளவு தேவையில்லை.

ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடமான கட்டாஃபை 1000 ஹெர்ட்ஸ் அருகே வையுங்கள். ஃபில்டருக்கு ஒரு என்வலப் (நேரத்தோடு அதைத் திறந்து மூடுவது) கொடுத்து, அட்டாக் (திறக்கும் நேரம்) 20 மில்லிவிநாடி, டிகே (மூடும் நேரம்) அரை விநாடி, அளவு கொஞ்சமாக. கார்ட் தொடும்போது திறந்து மெல்ல மூடும். கட்டையை விட்டபின் ஒலி அடங்கும் நேரமான ரிலீஸையும் கொஞ்சம் நீட்டினால் ஒரு கார்டின் வால் அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும்.

படி 6: கொஞ்சம் மனிதக் கை

எல்லாச் சுரத்துக்கும் வெலாசிட்டி (கட்டையை அழுத்தும் வேகம்) 100 என்று இருந்தால் மாற்றுங்கள். மேலே நிற்கும் ஜியை 70க்கு இறக்குங்கள். சுரங்களைக் கீழிருந்து மேலாக 10 மில்லிவிநாடி தள்ளித் தள்ளித் தொடங்க வையுங்கள். வெலாசிட்டியை மாற்றினாலும் ஒலி மாறவில்லையென்றால் உங்கள் சிந்த்தில் அது எதோடும் இணைக்கப்படவில்லை. ஃபில்டர் கட்டாஃபோடு இணைத்துவிடுங்கள்.

படி 7: ஈக்யூ, ரிவர்ப், கடைசிச் சோதனை

கார்ட் டிராக்கில் ஈக்யூவால் (ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். நம் கார்டின் மிகத் தாழ்ந்த சுரம் 196 ஹெர்ட்ஸ் ஜி, எதுவும் போகாது. பேஸுக்கும் கிக் டிரம்முக்கும் இடம் கிடைக்கும். ரிவர்பைத் தனி டிராக்கில் போட்டு, கார்டின் ஒலியில் ஒரு பங்கை அங்கே அனுப்பி, அதிலும் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள்.

பிறகு மோனோவில், அதாவது இடம், வலம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேளுங்கள். டீடியூன் செய்த அலைகளை இடமும் வலமுமாக அதிகம் விரித்திருந்தால் மோனோவில் கார்ட் மெலிந்துபோகும். விரிப்பைக் குறைத்தால் சரியாகிவிடும். நாங்கள் இரண்டு பேரும் கோப்பை ஃபோனில் ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலைக்கு நடந்தோம். மாலையில் அங்கே வண்டி விடுவதில்லை. காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோன் ஸ்பீக்கரிலேயே போட்டோம். பேஸ் சுத்தமாகக் காணாமல் போனது, ரிவர்பை அலைச் சத்தம் விழுங்கிவிட்டது. ஆனாலும் ஈ எஃப்புக்கு ஏறுவதும் எஃப் ஈக்கு இறங்குவதும் தெளிவாகக் கேட்டன.

இரவு கடலூர் பஸ்ஸிலிருந்தே அவள் ஒரு புதுக் கோப்பு அனுப்பினாள். மேலே ஜி இருந்த இடத்தில் அதற்கும் உயரமான டியை இழுத்துவிட்டிருந்தாள். சி இப்போது ஒன்பதாவது சுரத்தோடு வந்தது, எஃப் ஆறாவதோடு. ஜியில் போய்த்தான் டி வீடு சேர்ந்தது. நீங்களும் அந்த ஒரு கோட்டை மட்டும் மாற்றி, பேஸோடு சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.