துணை வெப்பமண்டலக் கடலில் தாவர மிதவையுயிரிகளின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் முறை

துணை வெப்பமண்டலப் பெருங்கடல்களின் நடுப்பகுதியில் நைட்ரேட் முதலிய சத்துகள் மேல்நீரில் மிகக் குறைவு. அங்கு வாழும் தாவர மிதவையுயிரிகளை (நீரில் மிதந்தபடி ஒளியால் உணவாக்கும் நுண்ணுயிரிகளை) ஆராய வாளியால் மொண்ட நீர் போதாது. ஹவாய்க்கு வடக்கே 1988 முதல் தொடர்ந்து அளக்கப்படும் அலோகா நிலையத்தில், பச்சையத்தின் உச்சம் ஏறத்தாழ 100 முதல் 125 மீட்டர் ஆழத்தில்தான் காணப்படுகிறது.

ஆகவே வெப்பநிலை, உப்புத்தன்மை, பச்சைய ஒளிர்வு (ஒளி பட்டதும் பச்சையம் வெளிவிடும், அதன் அளவைக் காட்டும் மெல்லொளி) ஆகிய மூன்றையும் பதியும், திறந்த நீர்க்குடுவைகள் பொருத்திய கருவியை முதலில் 200 மீட்டர் வரை இறக்குங்கள். மேலே இழுத்து வரும்போது, முன்பே குறித்த ஆழங்களோடு அன்றைய உச்சம் எங்கிருந்ததோ அங்கும் ஒரு குடுவையை மூடுங்கள். நீருக்குள் எழும் அலைகள் அந்த உச்சத்தை ஒரே நாளில் பல மீட்டர் ஏற்றி இறக்கும் என்பதால், இரு நாள்களின் அளவுகளை ஆழத்தை வைத்து ஒப்பிடுவதைவிட நீரின் அடர்த்தியை வைத்து ஒப்பிடுவதே சரியாக இருக்கும். நண்பகல் வெயிலில் மேல்நீர் உயிரிகளின் ஒளிர்வு மங்கிவிடும். இரவிலோ விடியலுக்கு முன்போ அளப்பது நல்லது.

பச்சையத்தை மட்டும் அளந்து நிறுத்திவிடாதீர்கள்; பலர் தடுமாறுவது இங்கேதான். அலோகாவில் குளிர்காலத்தில் வெளிச்சம் குறையும்போது ஒவ்வொரு செல்லும் தன் பச்சையத்தைப் பெருக்கிக்கொள்வதால், உயிரிகள் பெருகாமலேயே அளவு உயர்ந்து காட்டும். அட்லாண்டிக்கில் பெர்முடா அருகிலோ குளிர்காலத்தில் மேல்நீரும் ஆழ்நீரும் கலப்பது, ஆழத்திலிருந்து நைட்ரேட்டை மேலே கொண்டுவருவதால் உண்மையான பெருக்கமே நிகழ்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய, பாய்வு செல் அளவி (செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றையின் முன் ஓடவிட்டு எண்ணும் கருவி) கொண்டு செல்களை எண்ண வேண்டும். இந்நீரில் மிகுந்திருக்கும் புரோகுளோரோகாக்கஸ் என்னும் ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவின் குறுக்களவு சுமார் 0.6 மைக்ரோமீட்டர்தான், சாதாரண நுண்ணோக்கியில் அது எளிதில் தப்பிவிடும்.

இடவேறுபாட்டுக்கு 1997 முதல் தொடர்ந்து கிடைக்கும் செயற்கைக்கோள் கடல்நிறப் படங்கள் உதவும். மேகம் மறைப்பதால் எட்டு நாள் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படங்கள் மேலுள்ள சில பத்து மீட்டர் நீரையே காட்டும். ஆழத்து உச்சம் அவற்றில் தெரியாது.

கடல்மட்ட உயரப் படத்தையும் உடன் வையுங்கள். வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகச் சுழலும் பெருஞ்சுழிகளின் நடுவில் கடல்மட்டம் தாழ்ந்திருக்கும்; அவை உருவாகி வலுப்பெறும்போது சத்துள்ள நீரை மேல்நோக்கி உயர்த்தும். எனவே ஏதேனும் ஒரு மாதத்தின் அளவு திடீரென எகிறினால், அதைப் பருவமாற்றம் என்று எழுதுவதற்கு முன், அன்று நிலையத்தின் மேல் இத்தகைய சுழி நின்றதா என்று பாருங்கள்.